வெளிக்கோடு: ஏதுமில்லை

ஒரே ஒரு வரி.
மூன்று வருடத்துக்கு முன்பு, மாலை நாலே கால்,
டோர்ஷாவ்ன் துறைமுகம் தெரியும் ஜன்னலோரம்
நான்தான் தட்டினேன்.
வெளிக்கோடு: ஏதுமில்லை. பின்னால் ஓர் அரைப்புள்ளி.

அந்த நீல வளையம் அசிங்கம் என்றாள் சுன்வா.
பட்டனைத் தொட்டால் பட்டனைச் சுற்றிக்கொள்கிறதாம்,
காயத்துக்குப் போட்ட பிளாஸ்திரி மாதிரி.
அவள் வரைந்த பக்கத்தில் சாம்பலும் வெள்ளையும்தான்.
மூலைகள் எல்லாம்
பாதி கரைந்த சோப்பின் வழுவழுப்பு.
எனக்கு ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.
அழித்தேன்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

யாரும் கேட்கவில்லை என்பதை
யாருக்கும் குறையில்லை என்று
எழுதிவைத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் தொலைபேசி அடித்தது.
ஸ்வினோய் தீவு. ஆர்ன்பியோர்க் என்று பெயர்.
சால்மன் பண்ணையில் கணக்கு எழுதுகிறவள்.
"என் கை நடுங்கும்.
மவுஸைப் பிடித்தால் உயிர்மீன் போலத் துள்ளும்.
டேப் விசையில்தான் நடப்பேன், எண்ணிக்கொண்டு.
உங்கள் பக்கத்தில் பதினாறாவது தட்டு, பயணத்தை ரத்து செய்.
பதினேழு, உறுதி செய்.
போன வாரம் மேலே புயல் அறிவிப்பு ஒன்று போட்டீர்கள்,
அதில் ஒரு சுட்டி.
என் பதினேழு பதினெட்டாகிவிட்டது.
எனக்கு எப்படித் தெரியும்?
பதினேழில் என்டரை அமுக்கினேன்."

கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது.

"க்ளாக்ஸ்விக்கில் பல் டாக்டர்.
இனி மே மாதம்தான் தேதி."
குரலில் கோபமில்லை. கூட்டிப் பார்த்த தொகை.

மவுஸை மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன்.
டேப்.
ஒன்றும் அசையவில்லை.
டேப். டேப்.
எங்கோ இருந்தேன்.
எங்கே என்று பக்கம் சொல்லவில்லை.
வெளியே மூடுபனி நோல்சோய் தீவை விழுங்கியிருந்தது,
இருக்கிற இடத்திலேயே இருந்தது தீவு.
கோடு என்றால் மலையின் முகடு.
கோடு என்றால் நீரின் கரை.
இரண்டில் ஒன்றாவது தெரியாமல்
எந்தப் படகு கிளம்பும்?

"பார்டர் போடலாமே," என்றாள் சுன்வா.
பார்டர் இடம் கேட்கும்.
இரண்டு பிக்சல் வந்து உட்கார்ந்தால்
பக்கத்துப் பட்டன் நகர வேண்டும்,
எழுத்து ஒரு தரம் குதிக்கும்.
வெளிக்கோடு அப்படியில்லை.
பந்தியில் இலை கேட்காது.
பின்னால் நின்றபடி
"இதோ, இவர்" என்று காட்டிவிட்டுப் போகும்.

மூன்று பிக்சல் தள்ளி நிறுத்தினோம், மூச்சுவிட.
நிறத்துக்குத்தான் நாலு நாள் சண்டை.
வெளிர்சாம்பல் சாம்பலில் செத்தது.
நீலம், அவள் மானப் பிரச்சினை.
மீனவர் மழைக்கோட்டின் மஞ்சள்
வெள்ளையில் காணாமல்போனது.
கடைசியில் அதே மஞ்சளுக்கு வெளியே
கறுப்பாய் இன்னொரு கோடு.
விசையில் வருகிறவருக்கு மட்டும் தெரியட்டும்,
மவுஸில் வருகிறவர் கண்ணில் பட வேண்டாம் என்று
ஒரு சொல் சேர்த்தேன்.
அந்தச் சொல் முன்பே இருந்தது.
தேடியதில்லை.

சுன்வா என் நாற்காலியில் உட்கார்ந்து
டேப்பை அமுக்கி அமுக்கிப் பக்கம் முழுக்க நடந்தாள்.
முதல் தடவை.
அடிவரை போனாள், திரும்பி ஏறினாள்.
"அசிங்கமாகத்தான் இருக்கிறது," என்றாள்.
பிறகு, "இன்னும் ஒரு பிக்சல் தடி."

ஸ்வினோய்க்குக் கடிதம் போட்டேன்.
மன்னிப்பு இரண்டு பத்தி, வளையம் ஒரு பத்தி.
பதில் மூன்றாம் நாள் வந்தது.

"தெரிகிறது.
எண்ணுவதை இன்னும் விட முடியவில்லை, பழக்கம்.
தேதி கட்டங்களில் மட்டும்
ஞாயிற்றுக்கிழமைகளின் வலது ஓரம் வெட்டுப்படுகிறது.
பாருங்கள்."

பார்த்தேன்.
காலண்டரைச் சுற்றிய பெட்டி
தன்னைத் தாண்டுகிற எதையும் நறுக்கிவிடுகிறது.
அதுவும் ஒரே ஒரு வரி.
யார் எழுதியது என்று பதிவைத் திறந்தேன்.
என் பெயர்.